கிளட்ச் வகைகளும் அவை இயங்கும் விதமும்: முழுமையான வழிகாட்டி

ஒரு தண்டு நிமிடத்துக்கு 1,500 சுற்று வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் எதிரே இன்னொரு தண்டு அசையாமல் நிற்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சுழலவைக்க வேண்டும். வேண்டும்போது பிரிக்கவும் வேண்டும். கிளட்சின் வேலை அவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள அந்த 1,500 சுற்று வேறுபாடு எங்கே போய்த் தீர்கிறது? கிளட்ச் வகைகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். சில கிளட்சுகள் அந்த வேறுபாட்டை வெப்பமாக மாற்றித் தீர்க்கின்றன. சில, வேறுபாடு இருக்கும்வரை சேரவே மறுக்கின்றன. சில, ஒரு திசையில் வரும் வேறுபாட்டை மட்டும் தாராளமாக விட்டுவிடுகின்றன.

இதனுடன் இரண்டாவதாக ஒன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கிளட்ச் யாருடைய கட்டளைக்குப் பணிகிறது? ஓட்டுநரின் காலுக்கா, சுழலும் வேகத்துக்கா, திசைக்கா, சுமைக்கா? இந்த இரண்டு கேள்விகளும் கையில் இருந்தால், முன்பின் பார்த்திராத ஒரு கிளட்சைத் திறந்தாலும் அது என்ன செய்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: உராய்வின் கணக்கைப் புரிந்துகொள்ளுதல்

உராய்வுக் கிளட்ச் எந்த வடிவத்தில் இருந்தாலும் அது கடத்தக்கூடிய முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருப்பும் விசை, நான்கு எண்களின் பெருக்கல்தான்: உராய்வுக் கெழு (இரு பரப்புகள் எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்று சொல்லும் எண்), தட்டுகளை அழுத்தும் விசை, உராயும் பரப்பின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை.

ஒரு காரின் கிளட்சை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.3. ஸ்பிரிங் 4,000 நியூட்டன் விசையுடன் அழுத்துகிறது. உராயும் வளையத்தின் வெளி ஆரம் 110 மில்லிமீட்டர், உள் ஆரம் 75 மில்லிமீட்டர், சராசரி 92.5 மில்லிமீட்டர், அதாவது 0.0925 மீட்டர். தட்டின் இரு பக்கமும் உராய்வதால் முகங்கள் இரண்டு. பெருக்கினால் 222 நியூட்டன் மீட்டர் வருகிறது. எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டர் என்றால், கிளட்சிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திறன் இருக்கிறது. இந்த உபரி கட்டாயம் வேண்டும். தட்டு சூடாகும்போதும் எண்ணெய்ப் பசை படும்போதும் உராய்வுக் கெழு இறங்கும். அப்போதும் நழுவாமல் பிடிக்க இந்த உபரிதான் துணை.

இந்தச் சூத்திரத்தில் தட்டின் பரப்பளவு இடம்பெறவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அகலமான தட்டு வலுவாகப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பரப்பு கூடினால் வெப்பத்தைத் தாங்கும் சக்தியும் ஆயுளும் கூடும். ஆரமும் அழுத்தும் விசையும் மாறாதவரை பிடிப்பு அதிகரிக்காது.

படி 2: வெப்பம் எவ்வளவு என்று அறிதல்

கிளட்சை அழிப்பது வெப்பம். ஆகவே இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போவது நல்லது.

எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல்கிறது, வண்டி ஓய்விலிருந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் தரும் ஆற்றலில் சரிபாதி வண்டிக்கு இயக்க ஆற்றலாகச் சேர்கிறது. மறுபாதி கிளட்சில் வெப்பமாகிறது. மெதுவாக விட்டாலும் வேகமாக விட்டாலும் இந்தப் பங்கு மாறாது. மெதுவாக விட்டால் அதே வெப்பம் நீண்ட நேரத்தில் பரவும், அவ்வளவுதான். சமதளத்தில், காற்று, டயர் ஆகியவற்றின் எதிர்ப்பை ஒதுக்கிவைத்துச் சொல்லும் கணக்கு இது.

1,000 கிலோ எடையுள்ள கார் முதல் கியரில் புறப்படுகிறது. நொடிக்கு 3 மீட்டர் வேகம் வரும்போது இரண்டு தண்டுகளும் ஒரே வேகத்தை அடைந்துவிடுகின்றன. அப்போது காரின் இயக்க ஆற்றல் 4,500 ஜூல். கிளட்ச் ஏற்றுக்கொண்ட வெப்பமும் அதே 4,500 ஜூல். இப்போது அதே காரை இரண்டாம் கியரில் எடுங்கள். எஞ்சினின் அதே வேகத்துக்கு நொடிக்கு 5.4 மீட்டர் எட்டினால்தான் தண்டுகள் ஒன்றுசேரும். வெப்பம் 14,580 ஜூல், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் வரும் விளைவு இது. இரண்டாம் கியரில் வண்டியை எடுக்கும் பழக்கம் கிளட்சை ஏன் தின்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் கிளட்சை அரைகுறையாக விட்டு வண்டியை நிறுத்தி வைப்பது இதைவிடக் கொடியது. வண்டி நகரவில்லை என்பதால் பயனுள்ள வேலை எதுவும் நடக்கவில்லை. எஞ்சின் கிளட்சுக்குத் தரும் திறன் முழுவதும் வெப்பமாகிறது. 1,500 சுற்று வேகத்தில் 40 நியூட்டன் மீட்டர் கடத்தினால் அது 6 கிலோவாட்டுக்கும் அதிகம். கையகல உராய்வுப் பட்டையும் இரண்டு இரும்பு முகங்களும் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

படி 3: உலர் ஒற்றைத்தட்டுக் கிளட்சைப் பிரித்துப் பார்த்தல்

கைமுறை கியர் உள்ள பெரும்பாலான கார்களில் இருப்பது இதுதான். எஞ்சின் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனால் முதலில் ஃபிளைவீல் (எஞ்சின் தண்டின் முனையில் உள்ள கனமான சக்கரம்), அடுத்து கிளட்ச் தட்டு, பிறகு பிரஷர் பிளேட், அதை அழுத்தும் டயாஃபிரம் ஸ்பிரிங், இவற்றை மூடி ஃபிளைவீலுடன் போல்ட் செய்யப்பட்ட உறை. உறைக்கு வெளியே ரிலீஸ் பேரிங்கும் அதைத் தள்ளும் கவையும் இருக்கும்.

பெடலை மிதிக்காதபோது ஸ்பிரிங் பிரஷர் பிளேட்டை ஃபிளைவீல் நோக்கி அழுத்துகிறது. நடுவே சிக்கிய தட்டு இரண்டுடனும் சேர்ந்து சுழல்கிறது. தட்டின் நடுவில் உள்ள பல்வரிசை கியர்பாக்ஸின் உள்வரு தண்டில் பொருந்தியிருப்பதால் சுழற்சி அங்கே போய்ச்சேர்கிறது. பெடலை மிதித்ததும் ரிலீஸ் பேரிங் டயாஃபிரமின் விரல் நுனிகளை உள்ளே தள்ளுகிறது. டயாஃபிரம் ஒரு வளையத்தின் மேல் நெம்புகோலாகச் சாய, அதன் வெளி விளிம்பு பின்வாங்குகிறது. பிரஷர் பிளேட் விலகுகிறது. தட்டின் இருபக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் கிடைக்கும். அதனால்தான் தட்டு சற்றே வளைந்திருந்தாலும், பல்வரிசையில் துரு ஏறியிருந்தாலும் கிளட்ச் முழுமையாக விடுபடாது.

தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெறும் வட்டமான தகடு என்று நினைத்தால் அதன் நுட்பத்தைத் தவறவிடுவீர்கள். இரண்டு உராய்வுப் பட்டைகளுக்கும் இடையே அலையலையான மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும்; தட்டு அழுந்தும்போது இவை மெல்லத் தட்டையாவதால் பிடிப்பு படிப்படியாக ஏறுகிறது. மையத்தைச் சுற்றியுள்ள குட்டிச் சுருள் ஸ்பிரிங்குகள் வேறு வேலைக்கு. எஞ்சின் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் தண்டில் ஒரு துடிப்பு எழுகிறது. அந்தத் துடிப்பு கியர் பற்களைப் போய் அறையாமல் இவை உறிஞ்சிக்கொள்கின்றன.

டயாஃபிரம் ஸ்பிரிங்கின் குணம் தனித்தது. சாதாரணச் சுருள் ஸ்பிரிங்கை அழுத்த அழுத்த எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். கூம்புபோல் குவிந்த இந்தத் தகடோ, ஓர் உச்சம்வரை ஏறி, பிறகு தளர்கிறது. ஆகவே பெடலை முழுதும் மிதித்துப் பிடித்திருப்பது எளிதாகிறது. இன்னொரு விளைவும் உண்டு. புதிய தட்டுடன் ஸ்பிரிங் அந்த உச்சத்தைத் தாண்டிய நிலையில் பொருத்தப்பட்டிருக்கும். தட்டு தேயத் தேய அது உச்சத்தை நோக்கித் திரும்புகிறது. பிடிப்பு குறையாமல் சற்றுக் கூடவும் செய்கிறது. அதைத் தாண்டித் தேய்ந்தால்தான் பிடிப்பு விழும். சில மாதங்களாகப் பெடல் கனத்துக்கொண்டே வருகிறது என்றால், பெடலின் அசைவைக் கிளட்சுக்குக் கொண்டுசெல்லும் கேபிளைச் சந்தேகிக்கும்போதே தட்டின் தடிமனையும் சந்தேகியுங்கள்.

படி 4: ஈரமான பல்தட்டுக் கிளட்ச்

மோட்டார் சைக்கிளில் பெரிய ஆரத்துக்கு இடமில்லை. சூத்திரத்தில் மிஞ்சியிருப்பது முகங்களின் எண்ணிக்கை, அதைக் கூட்டுகிறார்கள். கூடை போன்ற வெளி டிரம்மின் பிளவுகளில் உராய்வுத் தட்டுகளின் காதுகள் பொருந்தும். உள்ளே உள்ள மையத்தின் பல்வரிசையில் எஃகுத் தட்டுகள் பொருந்தும். ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கி, ஸ்பிரிங்குகளால் அழுத்தினால் ஐந்து உராய்வுத் தட்டுகளுக்குப் பத்து முகங்கள். எண்ணெயில் மூழ்கியிருப்பதால் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.1 அளவுக்கு இறங்கிவிடும், ஆனால் பத்து முகங்கள் அதை ஈடுகட்டுகின்றன. எண்ணெய் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் போக்குவரத்து நெரிசலில் பலமுறை நழுவவிட்டாலும் இது தாங்கும்.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கார் எண்ணெய்களில் எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் கலந்திருக்கலாம். அவை தட்டை நழுவச்செய்யும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

குளிர்ந்த எஞ்சினில் முதல் கியர் போட்டதும் வண்டி ஓர் உதறு உதறுகிறதா? தடித்த எண்ணெய் தட்டுகளை ஒட்டவைத்திருக்கிறது. எஞ்சின் சூடானதும் போய்விட்டால் அது இயல்பு. சூடான பிறகும் தொடர்ந்தால் கூடையின் பிளவுகளைப் பாருங்கள். தட்டின் காதுகள் மோதி மோதி அங்கே பள்ளம் விழுந்திருந்தால், தட்டுகள் வழுக்கி விலக முடியாமல் அந்தப் பள்ளங்களில் சிக்கும்.

இதே பல்தட்டு அமைப்புதான் தானியங்கி கியர்பாக்ஸுக்குள்ளும் இருக்கிறது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு மற்றொன்று. அடுத்த கியர் முன்கூட்டியே பொருந்திக் காத்திருக்க, ஒன்று விடும்போதே மற்றொன்று பிடிப்பதால் ஓட்டத்தில் இடைவெளி விழுவதில்லை. ஃபோக்ஸ்வாகன் 2003இல் கோல்ஃப் ஆர்32 காரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவற்றில் சில ஈரமானவை, சில உலர்ந்தவை.

படி 5: கூம்புக் கிளட்ச்

தட்டுகளுக்குப் பதிலாக ஒரு கூம்பு இன்னொரு கூம்புக் குழிக்குள் இறங்குகிறது. ஆப்பு இறங்குவதைப்போல் சிறிய தள்ளு விசையே பக்கவாட்டில் பெரும் அழுத்தமாகிறது. கூம்பின் பக்கம் அச்சுடன் செய்யும் கோணம் 12.5 பாகை என்றால் பிடிப்பு சுமார் 4.6 மடங்கு பெருகும். கோணத்தை மேலும் குறைத்தால் இன்னும் பெருகும், ஆனால் கூம்பு சிக்கிக்கொண்டு விடுபட மறுக்கும். மோட்டார் வாகனங்களின் தொடக்க காலத்தில் தோல் போர்த்திய கூம்புக் கிளட்சுகள் பரவலாக இருந்தன. இன்று அந்த இடம் போய்விட்டாலும் கைமுறை கியர்பாக்ஸின் ஒவ்வொரு சின்க்ரோனைசர் வளையமும் ஒரு சிறு கூம்புக் கிளட்சுதான். கியர் மாற்றும்போது பற்கள் சேர்வதற்கு முன் இரு பக்க வேகத்தையும் ஒன்றாக்குவது அதுவே.

படி 6: பற்களால் பிடிக்கும் டாக் கிளட்ச்

இங்கே உராய்வே இல்லை. ஒரு பக்கத்தின் புடைப்புகள் மறுபக்கத்தின் பள்ளங்களுக்குள் நுழைகின்றன. நழுவுவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால் வெப்பம் இல்லை, கடத்தும் திறனில் இழப்பும் இல்லை. ஆனால் வேக வேறுபாட்டைத் தீர்க்க இதனிடம் வழியும் இல்லை. நின்ற நிலையிலோ, இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இருக்கும்போதோ சேர்க்க வேண்டும். மீறினால் பற்கள் மோதி முனை மழுங்கும்.

மோட்டார் சைக்கிள் கியர்பாக்ஸில் கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. நாம் காலால் நகர்த்துவது இந்த டாக் புடைப்புகளைத்தான். அவற்றின் பக்கங்களை லேசாக உட்புறம் சரித்து வெட்டியிருப்பார்கள். சுமை ஏறும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அந்த விளிம்பு மழுங்கினால் முடுக்கும்போது கியர் தானாகக் கழன்றுவிடும்.

படி 7: வேகத்துக்குப் பணியும் மையவிலக்குக் கிளட்ச்

ஸ்கூட்டர், மோப்பெட், சங்கிலி ரம்பம், கோ கார்ட் ஆகியவற்றில் இருப்பது. சுழலும் மையத்தில் ஸ்பிரிங்கால் உள்நோக்கி இழுத்துப் பிடித்த காலணிகள் (வளைந்த உராய்வுக் கட்டைகள்), அவற்றைச் சுற்றி ஒரு டிரம். வேகம் கூடும்போது காலணிகள் வெளியே தள்ளப்பட்டு டிரம்மைப் பிடிக்கின்றன. வேகம் இரு மடங்கானால் வெளித்தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் ஐட்லிங்கில், அதாவது முடுக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, சும்மா கிடக்கும் கிளட்ச், முடுக்கியதும் உறுதியாகக் கவ்வுகிறது.

ஸ்பிரிங் தளர்ந்தால் ஐட்லிங்கிலேயே பிடிக்கத் தொடங்கும். ஸ்கூட்டரில் இது வண்டி ஊர்வதோடு நிற்கலாம். சங்கிலி ரம்பத்திலோ, முடுக்கும் பிடியை விட்ட பிறகும் சங்கிலி நகர்ந்துகொண்டிருக்கும். முதலில் ஐட்லிங் வேகத்தைச் சரிபாருங்கள். அப்படியும் சங்கிலி நகர்ந்தால் கிளட்சைப் பழுதுபார்க்கும்வரை அந்த ரம்பத்தைத் தொடக்கூடாது.

படி 8: திசைக்குப் பணியும் ஒருவழிக் கிளட்ச்

எல்லா வகைகளிலும் இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. கட்டளையிட யாரும் வேண்டாம், வடிவமே முடிவெடுக்கிறது.

மிதிவண்டியின் ஃப்ரீவீல் இதன் எளிய வடிவம். பெடலை மிதித்தால் சிறு கொக்கிகள் பற்களில் மாட்டிச் சக்கரத்தைத் தள்ளுகின்றன. மிதிப்பதை நிறுத்தினால் பற்கள் கொக்கிகளை அமுக்கிவிட்டுக் கடந்துபோகின்றன. அந்தக் கிடுகிடு ஓசை அதுதான். இதில் ஒரு குறை உண்டு: அடுத்த பல் வரும்வரை சிறிது வெற்றாகச் சுழல வேண்டும்.

ரோலர் வகையில் அந்த வெற்றுச் சுழற்சி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. உள் பகுதியில் சரிவான மேடைகள், அவற்றின்மேல் உருளைகள், ஒவ்வொன்றையும் குறுகலான பக்கம் நோக்கித் தள்ளும் சிறு ஸ்பிரிங். ஒரு திசையில் சுழன்றால் உருளை குறுகலில் இறுகிப் பூட்டிக்கொள்கிறது. எதிர்த் திசையில் அகலமான பக்கம் நகர்ந்து விடுபடுகிறது. ஸ்பிராக் வகையில் உருளைகளுக்குப் பதில் எட்டு என்ற எண்ணின் வடிவில் சாயும் சிறு கட்டைகள். ஒரு பக்கம் சாய்ந்தால் அவற்றின் நீளமான குறுக்களவு இரு வளையங்களுக்கும் நடுவே நெம்பி நிற்கும். அதே இடத்தில் அதிக எண்ணிக்கையில் அடுக்க முடிவதால் இது பெரும் முறுக்குவிசையைத் தாங்கும்.

எஞ்சினின் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பாருங்கள். அதன் பினியன் என்ற சிறு பற்சக்கரம் ஃபிளைவீலின் பல்வளையத்தைத் திருப்புகிறது. பற்களின் விகிதம் 12க்கு 1 என்றால், எஞ்சின் பிடித்து 1,000 சுற்றை எட்டிய கணத்தில் அது பினியனை 12,000 சுற்றில் திருப்பும். மோட்டாரின் உள்சுற்று அதைத் தாங்காமல் சிதறிவிடும். நடுவில் இருக்கும் ஒருவழிக் கிளட்ச் பினியனை மட்டும் ஓடவிட்டு மோட்டாரைக் காக்கிறது. ஹெலிகாப்டரில் இதன் பொறுப்பு உயிர் காப்பது. எஞ்சின் நின்றுபோனால் ஒருவழிக் கிளட்ச் சுழலியை எஞ்சினிலிருந்து விடுவிக்கிறது. கீழிறங்கும்போது மேல்நோக்கி வரும் காற்றே சுழலியைத் திருப்ப, விமானி அந்தச் சுழற்சியை வைத்துத் தரையிறக்க முடிகிறது.

படி 9: சுமைக்கும் மின்சாரத்துக்கும் பணிபவை

சுமை எல்லை மீறும்போது தானே நழுவும் கிளட்ச் இயந்திரங்களின் காவலாளி. மின் ஸ்குரூ டிரைவரின் கழுத்தில் எண்கள் பொறித்த வளையத்தைத் திருப்பும்போது, உள்ளே பந்துகளைக் குழிகளில் அழுத்தும் ஸ்பிரிங்கை இறுக்குகிறீர்கள். திருகு இறுகியதும் பந்துகள் குழியிலிருந்து ஏறித் தாவுவதால் கடகடவென்று சத்தம் வருகிறது. டிராக்டரின் பின்தண்டில் இணைக்கும் கருவிகளில் இதே வேலையை உராய்வுத் தட்டுகள் செய்கின்றன. நீண்ட காலம் சும்மா கிடந்தால் அவை துருவேறி ஒட்டிவிடும். பருவத்தின் தொடக்கத்தில் ஸ்பிரிங்கைத் தளர்த்திச் சற்று நழுவவிட்டு, மறுபடி உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

சுற்று ஸ்பிரிங் கிளட்ச் சிறியது, ஆனால் வியக்கத்தக்கது. அடுத்தடுத்த இரண்டு உருளைகளின்மேல் ஒரே ஸ்பிரிங் சுற்றியிருக்கும். ஒரு திசையில் திருப்பினால் அது இறுகுகிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பிடிப்பைப் பெருக்குவதால், உராய்வுக் கெழு வெறும் 0.15 இருந்தாலும் ஐந்து சுற்றுகளில் நுனியின் இழுவிசை 110 மடங்குக்கு மேல் பெருகிவிடும். நகலெடுக்கும் இயந்திரங்களின் காகித உருளைகளில் இதைக் காணலாம்.

காரின் குளிர்சாதன கம்ப்ரஸரில் இருப்பது மின்காந்தக் கிளட்ச். கப்பி எப்போதும் சுற்றும். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் முன்னால் உள்ள தகடு கப்பியுடன் ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் இடைவெளி கூடினால் காந்தத்தால் இழுக்க முடியாமல் போகும்.

படி 10: கோளாறைக் கண்டறிதல்

நழுவுகிறதா என்று பார்க்க, சாலையில் உயர்ந்த கியரில் மிதமான வேகத்தில் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி அதற்கேற்ப வேகமெடுக்கவில்லை என்றால் நழுவுகிறது. உடனே தட்டை மாற்றக் கிளம்ப வேண்டாம். முதலில் கேபிளின் தளர்வைப் பாருங்கள். தளர்வே இல்லாமல் இறுக்கியிருந்தால், பெடலில் எப்போதும் கால் வைத்திருப்பதற்குச் சமம். நல்ல தட்டும் நழுவும்.

பெடலை முழுதும் மிதித்தும் கியர் உரசிக்கொண்டு விழுந்தால் கிளட்ச் விடுபடவில்லை. கேபிளில் மிகுந்த தளர்வு, ஹைட்ராலிக் குழாயில் காற்று, பல்வரிசையில் துரு, வளைந்த தட்டு என்ற வரிசையில் தேடலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்ததும் நின்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸின் உள்வரு தண்டு பேரிங். புறப்படும்போது உதறினால் தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். அப்படியானால் எஞ்சினின் பின் சீலை மாற்றாமல் தட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

படி 11: மாற்றும்போது

பழைய வண்டிகளின் உராய்வுப் பட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். அதன் தூள் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். உறையைத் திறந்ததும் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஈரத் துணியாலோ பிரேக் துடைப்பு திரவத்தாலோ துடையுங்கள்.

ரிவெட் வைத்த தட்டில் பட்டையின் மேற்பரப்பிலிருந்து ரிவெட் தலைவரை உள்ள ஆழத்தை அளந்து பாருங்கள், 0.3 மில்லிமீட்டர் என்பது பல கார்களுக்குச் சொல்லப்படும் எல்லை. உங்கள் வண்டிக்கான கையேட்டின் எண்ணே இறுதியானது. ஃபிளைவீலில் நீலக் கறையும் மயிரிழை வெடிப்புகளும் தெரிகின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கியர்பாக்ஸை இறக்கும் உழைப்பே பெரிது என்பதால் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே சரி.

புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தில் உள்ள பாதுகாப்பு எண்ணெயை முற்றிலும் துடைத்தெடுங்கள். பல்வரிசையில் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவுங்கள். மிகுந்தால் சுழற்சியில் தெறித்துப் பட்டையில் படும். தட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலை நோக்க வேண்டும் என்பது அதிலேயே பொறித்திருக்கும். மையப்படுத்தும் கருவியைச் செருகி, உறையின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்; ஒரே பக்கமாக இறுக்கினால் உறை வளைந்துவிடும். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடையைத் தட்டின் மையத்தில் ஒரு கணமும் தொங்கவிடக்கூடாது.

மோட்டார் சைக்கிளின் ஈரத் தட்டுகள் என்றால், புதியவற்றைப் பொருத்துவதற்கு முன் எஞ்சின் எண்ணெயில் ஊறவையுங்கள். உலர்ந்தபடி பொருத்தினால் முதல் புறப்பாட்டிலேயே மேற்பரப்பு கருகும். எஃகுத் தட்டுகளைச் சமமான கண்ணாடியின்மேல் வைத்து இடைவெளி அளவியால் வளைவைப் பாருங்கள். எந்த வகையானாலும் புதிய தட்டு பொருந்திய முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குக் கனமான சுமை இழுப்பதையும், எஞ்சினை அலறவிட்டுப் புறப்படுவதையும் தவிர்த்தால் முகங்கள் சீராகப் படியும். அதன்பிறகு கேபிளின் தளர்வை மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.